நாற்பத்து நான்கு நிமிடங்கள்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

முதலில் 'அன்புள்ள' என்று எழுதினேன். அப்புறம் அடித்துவிட்டேன். அடித்தது உனக்குத் தெரியட்டும் என்றுதான் வேறு தாள் எடுக்கவில்லை.

அம்மா போய் நான்கு மாதமாகிறது. நேற்று லேபுக்கு லீவு, அவள் அறையை ஒழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் உன்னுடைய சாம்பல் நிற அட்டைக் கோப்பு சொருகியிருந்தது. மறந்துவிட்டுப் போனாயா, வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாயா, எனக்குத் தெரியாது. திறந்தேன். ஆறு படம். ஆறும் அம்மா. ஆறும் அன்றைக்கு வரைந்தவை.

நீ எதை வரைந்தாலும் வலது மூலையில் ஆரம்பித்த நேரமும் முடித்த நேரமும் எழுதுவாய். பத்தொன்பது வயதிலிருந்து அந்தப் பழக்கம். "ஸ்டேஷன் மாஸ்டர்" என்று நான் கேலி செய்திருக்கிறேன். இந்த ஆறிலும் எழுதியிருக்கிறாய். அன்றைக்குக்கூட விடவில்லை.

ஐந்தாவது படத்தில் 4.13 – 4.22 என்றிருக்கிறது. அதில் அம்மா உயிரோடு இல்லை. நான் டாக்டரில்லை, பல் லேபில் முப்பது வருடமாகப் பல் செட் செய்கிறவள், அவ்வளவுதான். ஆனால் ஒரு வாய் எப்போது வாயாக இருக்கிறது, எப்போது வெறும் பள்ளமாகிவிடுகிறது என்று எனக்குத் தெரியும்.

நீ எனக்குப் போன் செய்தது 5.35. லேபில் கடிகாரம் என் மேசைக்கு நேர் எதிரே. யாரோ ஒரு பெரியவருடைய கீழ்ச் செட்டைப் பாலிஷ் சக்கரத்தில் பிடித்திருந்தேன். "அம்மா போயிட்டாங்க. இப்பத்தான்" என்றாய். நானும் நம்பினேன். லேபிலிருந்து வீடு, பஸ்ஸில் இருபது நிமிடம்.

காலையில் கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னேன், "மூச்சு மாறினா உடனே கூப்பிடு. எந்த வேலையா இருந்தாலும் போட்டுட்டு வந்துடுவேன்." நீ தலையாட்டினாய். உன் தலையாட்டலை நம்பியவள் நான்.

இரண்டே கேள்வி. எத்தனை மணிக்குப் போனாள்? என்னைக் கேட்டாளா?

போனில் கூப்பிடாதே, எடுக்க மாட்டேன். நான் கத்துவேன், நீ வாயைத் திறக்க மாட்டாய், அந்தப் பழைய கூத்து எனக்கு அலுத்துவிட்டது. எழுது. கோபம்கூட எனக்குச் சரியாக வரவில்லை. ஊசி போட்ட ஈறு மாதிரி இருக்கிறது. கடித்தால் கடித்தது தெரிகிறது, வலி தெரியவில்லை.

அக்கா


பிப்ரவரி 10

அக்கா,

கடிதம் கிடைத்தது. கோப்பை மறக்கவில்லை. எடுத்துக்கொண்டு வரவும் முடியவில்லை, தூக்கிப் போடவும் முடியவில்லை. அதனால் சொருகிவிட்டு வந்தேன். நீ பீரோவை நகர்த்துவாய் என்று நினைக்கவில்லை.

நாலு பத்துக்கு முன்னால். அதைவிடச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. கீழே டயர்க் கடை, நாள் முழுக்க ரப்பர் வாசனை. ஒரு பம்பு கம்பெனிக்கு விளக்கப் புத்தகம் போட வேண்டும், பாகம் பாகமாகப் பிரித்து நூற்று நாற்பது படம். வாடகைக்கு அது போதும். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

தம்பி

9.10 – 9.22


பிப்ரவரி 16

தம்பிக்கு,

அம்மா சாவைப் பற்றி எழுத எனக்குப் பன்னிரண்டு நிமிடம் ஒதுக்கியிருக்கிறாய், ரொம்ப சந்தோஷம். உன் மாமா வாங்கிப் படித்துவிட்டு, "இது லெட்டரா, பஸ் டைம்டேபிளா?" என்றார். அவர் ஏதோ என்னைச் சிரிக்க வைக்கப் பார்க்கிறார். நான் சிரிக்கவில்லை.

இரண்டாவது கேள்வியை நைசாகத் தாண்டிவிட்டாய். பம்பைப் பற்றி நான் கேட்டேனா?

ஒன்று சொல்கிறேன், இதுவரை சொன்னதில்லை. நீ 'நான் யாருன்னு தெரிஞ்சுக்கணும், அதுக்குத்தான் வரையறேன்' என்று இருபது வயதில் பெட்டியைத் தூக்கினாய். அறை அறையாக மாறினாய். கல்யாணம் வேண்டாம், நிரந்தர வேலை வேண்டாம். அம்மா யாரிடமும் உன்னை விட்டுக் கொடுத்ததில்லை. "அவன் வேற மாதிரி" என்பாள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அவளுக்கு மூட்டு வலி வந்தது, சர்க்கரை வந்தது, இரண்டு கண்ணும் ஆபரேஷன் ஆனது, பல் ஒவ்வொன்றாகப் போனது. எல்லாம் நான் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் ஒருத்தன் தன்னைத் தேடிப் போவதற்கு, வீட்டில் ஒருத்தி இருந்தாக வேண்டியிருக்கிறது. உன் படங்களில் எங்கேயாவது அது இருக்கிறதா?

கடைசி வாரம் நீ வந்து நின்றபோது அப்பாடா என்றிருந்தது. இரண்டு பேராகிவிட்டோம் என்று நினைத்தேன். லேபில் வேலை குவிந்துகிடந்தது, தைரியமாகப் போனேன். உன்னை நம்பிப் போனேன்.

நாலு பத்துக்கு முன்னால் போனவளுக்கு 5.35க்கு ஏன் போன்? நடுவில் என்ன செய்தாய்? என்னைக் கேட்டாளா, இல்லையா? இந்தத் தடவை மழுப்பினால், இதுதான் நான் உனக்கு எழுதும் கடைசிக் கடிதம். மிரட்டவில்லை. எனக்கு உடம்பில் தெம்பு இல்லை.

அக்கா


பிப்ரவரி 25

அக்கா,

மூன்று தாள் கிழித்துவிட்டேன். இது நாலாவது. நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன், நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்.

முதலில் அப்பா போன அன்றைக்கு. எனக்குப் பத்தொன்பது. நீ கூடத்தில் புரண்டு அழுதாய். நான் சுவரில் சாய்ந்து நின்றேன். அம்மா என்னைப் பார்த்தாள். "கல்லுளிமங்கன், கண்ணுல ஒரு சொட்டு வருதா பாரு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். அப்புறம் அதுவே எனக்குச் செல்லப் பெயராகிவிட்டது. நீங்கள் எல்லோரும் சிரிப்பீர்கள், நானும் சிரிப்பேன்.

மறுநாள் காலையில் அப்பாவுடைய சவரக் கண்ணாடியை எடுத்து வைத்து என் முகத்தை வரைந்தேன். உள்ளே ஏதாவது இருக்கிறதா, இல்லை, அம்மா சொன்ன மாதிரி கல்தானா என்று பார்க்க. எவ்வளவு நேரம் கண்ணை எடுக்காமல் பார்க்க முடிகிறது என்று தெரிய வேண்டும், அதற்குத்தான் நேரம் எழுத ஆரம்பித்தேன். அன்றிலிருந்து முப்பத்து மூன்று வருடம், நாளுக்கு ஒரு படமாவது என் முகம். பன்னிரண்டு பெட்டி சேர்ந்திருக்கிறது. வரையும்போது இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போய்விட்டோம் என்று தோன்றும். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அதே தூரம். இமை எங்கே தொங்க ஆரம்பித்தது, காது மடல் எந்த வருடம் நீண்டது, எல்லாம் சொல்வேன். அதற்குப் பின்னால் இருப்பவனைப் பற்றிக் கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை.

இனி அன்றைக்கு. அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்த ஆயாம்மா ஒரு மணிக்குப் போய்விட்டாள். அம்மா தூங்கினாள். சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, 2.40க்கு வரைய ஆரம்பித்தேன். மூன்று மணி சுமாருக்குக் கண் திறந்தாள். "பல்லை எடுத்துடுடா, கனக்குது" என்றாள். எடுத்துக் கிண்ணத்தில் போட்டேன். பிறகு, "அவ வந்துட்டாளா?" என்றாள். "ஆறு மணிக்கு வந்துடுவா" என்றேன். "சரி" என்றாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

உன் இரண்டாவது கேள்விக்கு இதுதான் பதில். கேட்டாள். ஒரு தரம்.

நாலாவது படம் ஆரம்பித்தபோது, 3.50, மூச்சு மாறியது. நீ செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னது நினைவுக்கு வந்தது. போன் ஜன்னல் விளிம்பில் இருந்தது, கை எட்டும் தூரம். இந்தப் படத்தை முடித்துவிட்டுக் கூப்பிடலாம் என்று நினைத்தேன். போர்வையில் மார்புக்கு மேலே ஒரு மடிப்பு, ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. கோடு சரியாக விழவில்லை, அழித்து அழித்துப் போட்டேன். ஒரு சமயம் மடிப்பு நின்றது. அப்பாடா, இப்போது வரும் என்று நினைத்தேன். அந்தக் கோட்டைச் சரியாகப் போட்டு முடித்தேன். அதற்கப்புறம்தான் அது ஏன் நின்றது என்று புரிந்தது.

புரிந்த பிறகும் வேறு தாள் எடுத்தேன். அதற்கப்புறம் இன்னொரு தாள். 5.31 வரை பென்சிலைக் கீழே வைக்கவில்லை, அக்கா. அப்புறம் உன்னைக் கூப்பிட்டேன். 'இப்பத்தான்' என்று ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. வேறு வார்த்தை வரவில்லை.

அழுகை வந்ததா என்றால், இல்லை. அன்றைக்கும் இல்லை, இன்றைக்கும் இல்லை. அம்மா சொன்னது சரி. முப்பத்து மூன்று வருடம் வரைந்து நான் கண்டுபிடித்தது, அவள் ஒரு நிமிடத்தில் பார்த்துச் சொன்னதைத்தான்.

தம்பி

9.00 – 11.45


மார்ச் 4

தம்பிக்கு,

படித்தேன். லேபுக்கு இரண்டு நாள் போகவில்லை. இப்போது பதில் எழுதினால் அசிங்கமாக எழுதுவேன், அதனால் எழுதவில்லை.

'அவ வந்துட்டாளா' என்பதை மட்டும் நாலைந்து தரம் படித்தேன். சாப்பாட்டு வேளையில் நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தாலும் அதே வார்த்தையில்தான் கேட்பாள்.

அக்கா


மார்ச் 8

அக்கா,

நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. தகவலுக்காக இது.

அன்றைக்குப் பிறகு நான் என் முகத்தை வரையவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டேன். கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன், ஒன்றும் இல்லை. காலையில் காபி போட்டுக் குடித்துவிட்டு நேராகப் பம்பை வரைய உட்கார்ந்துவிடுகிறேன். பம்பில் ஒரு சௌகரியம், உள்ளே என்ன இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பிரித்தே பார்த்துவிடலாம்.

இருபதாம் தேதி பழைய பேப்பர்காரர் வருகிறார். பன்னிரண்டு பெட்டியையும் போட்டுவிடப் போகிறேன். அறையில் நடக்க இடமாகும். கெட்டித் தாள், நல்ல கனம், அவருக்குச் சந்தோஷம்தான். உன்னிடம் இருக்கும் அந்த ஆறையும் நீயே கிழித்துப் போட்டுவிடு. திருப்பி அனுப்ப வேண்டாம்.

வருத்தத்தில் செய்கிறேன் என்று நினைத்துவிடாதே. வருத்தம் இருந்தால் நன்றாக இருக்கும்.

தம்பி

10.20 – 10.41


மார்ச் 15

தம்பிக்கு,

கிழிக்கத்தான் எடுத்தேன். அதைச் சொல்லிவிடுகிறேன்.

லேபுக்குக் கொண்டுபோனேன். எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, விளக்குக்குக் கீழே ஆறையும் வரிசையாகப் பரப்பினேன். வீட்டில் பார்த்தபோது எனக்கு அம்மா முகமும் நீ எழுதிய நேரமும் மட்டும்தான் தெரிந்தது. லேபில் உட்கார்ந்தால் என் கண்ணே வேறு. வாயைத்தான் பார்க்கும்.

முதல் படத்தில் செட் வாயில் இருக்கிறது. இரண்டு, மூன்று, நாலில் இல்லை, பக்கத்தில் ஸ்டூல் மேல் கிண்ணம், கிண்ணத்தில் செட். ஐந்தாவதிலும் அப்படியே. வாய் திறந்து கிடக்கிறது, கன்னம் உள்ளே போயிருக்கிறது.

ஆறாவது படம், 5.06 – 5.31. கிண்ணம் காலி. செட் வாயில் இருக்கிறது. உதடு முழுதாக மூடவில்லை, நடுவில் ஒரு நூல் அளவு இடைவெளி. அதில் முன் பல் ஒன்று பக்கத்துப் பல்மேல் லேசாக ஏறி நிற்பது தெரிகிறது. அவளுடைய சொந்தப் பல் அப்படித்தான் இருந்தது, அதனால்தான் செட்டிலும் அப்படியே கோணலாக வைத்தேன். டாக்டர்கூட 'ஏம்மா, நேரா வெச்சிருக்கலாமே' என்று சலித்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் வந்து பார்த்தபோது அம்மா வாயில் பல் இருந்தது. தாடைக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்திருந்தது. ஆயாம்மா செய்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன், அதற்குமேல் யோசிக்கவில்லை. முந்தாநாள் போன் போட்டு அவளைக் கேட்டேன். "நான் ஒரு மணிக்கே கிளம்பிட்டேனேம்மா. அப்ப முழிச்சிட்டுத்தான் இருந்தாங்க. நான் எதுவும் பண்ணலையே" என்கிறாள்.

பென்சிலைக் கீழேயே வைக்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். பொய் சொல்கிறாய் என்று நான் சொல்லவில்லை. உனக்கு நினைவில்லை. ஆனால் நீயே எழுதி வைத்திருக்கிறாய். ஐந்தாவது 4.22க்கு முடிந்தது. ஆறாவது 5.06க்கு ஆரம்பித்தது. மற்ற படங்களுக்கு நடுவில் மிஞ்சிப்போனால் ஒன்பது நிமிடம். இங்கே மட்டும் நாற்பத்து நான்கு.

அந்த நேரத்தில் நீ என்ன செய்தாய் என்று நான் சொல்கிறேன், இது என் தொழில். காய்ந்த செட் வாயில் உட்காராது, கழுவி ஈரமாக்க வேண்டும். உயிரில்லாத தாடை தானாக நிற்காது, ஒரு கையால் பிடிக்க வேண்டும். இன்னொரு கையால் மேல் செட்டைச் சாய்த்து ஏற்ற வேண்டும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்குப் பிளாஸ்டர் தலையில் வைத்துப் பழகவே ஒரு வாரம் பிடிக்கும். நீ ஜென்மத்தில் ஒரு பல் செட்டை யாருக்கும் மாட்டியதில்லை. நான் வந்து பார்த்தபோது ஒரு இழைகூடப் பிசகாமல் உட்கார்ந்திருந்தது. எத்தனை தரம் வைத்து வைத்து எடுத்தாயோ.

இரண்டு கையும் வேண்டிய வேலை அது, தம்பி. பென்சில் பிடிக்கக் கை மிச்சமில்லை.

ஆறாவது தாளின் ஓரம் நெளிந்திருக்கிறது. ஈரக் கையோடு தொட்ட தாள். செட் கழுவிய தண்ணீராகத்தான் இருக்கும். வேறெதுவும் என்று நான் சொல்லவில்லை.

பல் இல்லாத வாயை அவள் உன் மாமாவுக்குக் காட்டியதில்லை, ஆயாம்மாவுக்குக் காட்டியதில்லை. உனக்குக்கூட அன்றைக்குத்தான். போனவளுக்குப் பல் எதற்கு? ஆறு மணிக்கு வந்துவிடுவாள் என்று என்னைப் பற்றி அவளிடம் சொன்னவன் நீ. நான் வந்து பார்க்கும்போது என் அம்மா நான் செய்த பல்லோடு இருக்க வேண்டும் என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த வீட்டில் அப்போது நீ ஒருத்தன்தான் இருந்தாய்.

இதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ளாதே. 3.50க்குக் கூப்பிட்டிருந்தால் நான் வந்து பார்த்திருப்பேனோ, பஸ்ஸிலேயே இருந்திருப்பேனோ, அதை நான் யோசிக்கப் போவதில்லை. அந்த நேரம் என்னுடையது. நீ எடுத்துக்கொண்டாய். அது அப்படியேதான் இருக்கும்.

பேப்பர்காரரை என்ன செய்வது என்பது உன் இஷ்டம். பன்னிரண்டு பெட்டியிலும் நீ வரைந்ததைத்தான் பார்த்திருக்கிறாய். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் விட்டுப்போனதை என்றைக்காவது பார்த்தாயா என்று தெரியவில்லை. பார்க்காமல் போடாதே.

ஐந்து படத்தை இதோடு அனுப்புகிறேன். ஆறாவது என்னிடம் இருக்கும்.

அக்கா


மார்ச் 20

அக்கா,

பேப்பர்காரர் வந்தார். செய்தித்தாள் மட்டும் போட்டேன்.

தண்ணீரைக் கொஞ்சம் சூடு பண்ணினேன். அது நினைவுக்கு வருகிறது. பச்சைத் தண்ணீரில் கழுவி வைத்தால் அம்மாவுக்கு ஜில்லென்று இருக்கும் என்று நினைத்தேன்.

மற்றது இன்னும் வரவில்லை.

தம்பி

9.05 – 1.40